‘ஐடில்’ என்னும் ஒரு சொல்: பொருளும் ஸ்பானியப் பெயர்ப்பும்

ஒரு மொழியில் ஒரே சொல்லாய் நிற்பது பிறிதொரு மொழியிற் புகும்போது பல சொல்லாய்ப் பிரிதல் மொழிபெயர்ப்பிற் பயின்றார் யாவரும் அறிந்ததே. அவ்வாறு பிரியுமிடத்து, மூலத்தை எழுதியவர் எண்ணியும் பாராத ஒரு வினாவுக்கு மொழிபெயர்ப்பாளர் விடை கூறவேண்டிய நிலை சிற்சில வேளைகளில் உண்டாகும். அத்தகைய சொல்லொன்றை இக்கட்டுரைக்குப் பொருளாக எடுத்துக்கொண்டோம். ஆங்கிலத்தில் ‘ஐடில்’ என வழங்கும் அச்சொல் நான்கே எழுத்தாலானது. தொழிலின்றி இருத்தலைக் குறிப்பது. பாடசாலைப் பிள்ளைக்குக் கூறும் கண்டிப்பிலும் அது வரும். மோட்டார்ப் பொறி பற்றிய நூலிலும் வரும். நீதிமன்றத்திற் படிக்கப்படும் குற்றப்பத்திரத்திலும் வரும். இம் மூன்றிடத்தும் ஆங்கிலேயர் ஒரே சொல்லை வேறுபாடின்றி ஆள்வர். ஸ்பானியரோ இம் மூன்றிடத்துக்கும் மூன்று வெவ்வேறு சொற்களை ஆள்வர். எந்த இடத்துக்கு எந்தச் சொல் என்பதை அகராதி மட்டும் கூறிவிடாது.

ஸ்பானியம் ஸ்பெயின் தேசத்திலும், மெக்சிக்கோ முதல் ஆர்ஜென்டீனா வரையுள்ள அமெரிக்க நாடுகள் பலவற்றிலும், ஏறத்தாழ இருபது தேசங்களில் அரசகரும மொழியாய் உள்ளது. அதன் சொற்களை ஈண்டுத் தமிழெழுத்தில் எழுதுங்கால் அமெரிக்க நாடுகளின் ஒலிப்பையே தழுவியுள்ளோம். சொன் முதலில் நிற்கும் ஹகர எழுத்து அம்மொழியில் ஒலிப்பதில்லை என்பதையும், வகர எழுத்துப் பெரும்பாலும் பகரத்தின் மெல்லொலியாகவே ஒலிக்கும் என்பதையும் மாணவர் முன்னரே மனங்கொள்வாராக.

முதற்கண் ஆங்கிலச் சொல்லின் பழம்பொருளைக் காண்போம். பழைய ஆங்கிலத்தில் இச்சொல்லுக்கு வெறுமை என்பதே பொருள். சோம்பல் என்னும் கருத்து அதில் இருந்ததில்லை. பத்தாம் நூற்றாண்டின் இறுதியில் எல்ஃபிரிக் என்னும் துறவி விவிலியத்தின் ஆதியாகமத்தைப் பழைய ஆங்கிலத்திற் பெயர்த்தபொழுது, படைப்பின் தொடக்கத்தில் ஒன்றுமின்றிக் கிடந்த பூமியை இச்சொல்லாலேயே குறித்தார். பூமி சோம்பியிருந்தது என்பதன்று அதன் கருத்து, வெறுமையாயிருந்தது என்பதே. இதற்கு உறவான ஜேர்மன் சொல்லும் ஒல்லாந்தச் சொல்லும் இன்றளவும் வீண், வீம்பு என்னும் பொருளையே தருகின்றன. வெறுமையிலிருந்து பயனின்மையும், பயனின்மையிலிருந்து தொழிலின்மையும், தொழிலின்மையிலிருந்து சோம்பலும் ஒன்றன்பின் ஒன்றாய்க் கிளைத்தன. பொறியொன்று சுமையின்றி மெல்லச் சுழலுதல் என்னும் பொருள் மிகப் பிந்தியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே மோட்டார் வண்டிகளோடு வந்தது.

இவ்வழி தமிழருக்குப் புதியதன்று. ‘வெறு’ என்னும் அடியிலிருந்து வெறுமை, வெறுங்கை, வெறும்பேச்சு, வெறுமனே இருத்தல் என்பன நம் மொழியிற் பிறந்திருத்தலை நோக்குக. எனினும் ‘ஐடில்’ என்பதற்குப் பரப்பால் நெருங்கிய தமிழ்ச் சொல் யாதெனில், இலக்கண நூலார் அதிகம் பொருட்படுத்தாத ‘சும்மா’ என்பதேயாகும். காணி சும்மா கிடக்கிறது, மெசின் சும்மா ஓடுகிறது, சும்மா கேட்டேன், பொடியன் சும்மா இருக்கிறான். நான்கிடத்தும் ஆங்கிலத்திற்கு ஒரு சொல்லே போதும். தமிழுக்கும் ஒரு சொல்லே போதும். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. ‘சும்மா’ என்பது தன்னளவிற் பழிச்சொல்லன்று. சைவ ஞானிகள் சும்மா இருத்தலைப் பெறற்கரிய நிலையாகவே கூறுவர். பழி கூறவேண்டுமிடத்து நாம் சோம்பேறி என்போம்; மடி என்போம்; மடியின்மைக்குத் திருக்குறளில் தனி அதிகாரமே உளது. ஆங்கிலச் சொல்லோ பழியையும் பழியின்மையையும் ஒரே பைக்குள் வைத்திருக்கிறது. இடர்ப்பாடு தோன்றுவது அப்பையை அவிழ்க்குமிடத்திலேதான்.

ஆங்கில-ஸ்பானிய அகராதியைத் திறப்பார்க்கு முன்வரிசையிற் காட்சி தருவது ‘ஒசியோசோ’ என்னும் சொல். இது ‘ஓசியோ’ என்னும் பெயரினின்றும் வந்தது. அதன் மூலம் இலத்தீனில் ஓய்வைக் குறித்த சொல். (நம் பேச்சுவழக்கிலுள்ள ‘ஓசி’ என்பதற்கும் இதற்கும் உறவில்லை, ஒலியொற்றுமை கண்டு மயங்கற்க.) உரோமருக்கு ஓய்வு இழிவானதொன்றன்று. அரசியல் அலுவல்களினின்றும் நீங்கி, நூலும் நண்பரும் சூழ இருக்கும் பொழுதையே அவர்கள் அச்சொல்லாற் சுட்டினர். வியாபாரத்தை அவர்கள் அழைத்த பெயரோ ‘ஓய்வின்மை’ என்பது. ஓய்வைக் குறிக்கும் சொல்லின் முன் எதிர்மறை ஒட்டைச் சேர்த்து ஆக்கியது. ஸ்பானியத்தில் வியாபாரத்தைக் குறிக்கும் ‘நெகோசியோ’ அதன் வழிவந்ததே. தொழிலை இயல்பாகவும் ஓய்வை அதன் குறைபாடாகவும் கருதிப் பழகிய நமக்கு, ஓய்வை இயல்பாகவும் தொழிலை அதன் குறைபாடாகவும் வைத்துச் சொல்லாக்கிய ஒரு சமுதாயம் இருந்தது என்பது வியப்பளிக்கும். அடிமைகள் உழைக்க ஆண்டைகள் ஓய்ந்திருந்த சமுதாயம் அது என்பதையும் மறத்தலாகாது.

இன்றைய ஸ்பானியத்தில் ‘ஓசியோ’ என்பது பொழுதுபோக்குக்குரிய ஓய்வுநேரம், அது நற்பொருளே. அதனின்றும் வந்த ‘ஒசியோசிதாத்’ என்பதோ தீய சோம்பல். அதனைத் தீவினைகள் யாவற்றிற்கும் தாய் என்று கூறும் பழமொழியும் அம்மொழியில் உண்டு. ஒரே அடியிற் பிறந்த இருவருள் ஒருவர் நல்லவராகவும் மற்றவர் கெட்டவராகவும் போய்விட்டனர். ‘ஒசியோசோ’ என்னும் பெயரடை இருவருக்கும் நடுவே நிற்கிறது. பயன்படாது கிடக்கும் பணத்துக்கும், இயங்காத தொழிற்சாலை ஆற்றலுக்கும் அதனை ஐயமின்றி வழங்கலாம். மனிதர்க்கு வழங்குமிடத்துத்தான் எச்சரிக்கை வேண்டும்.

பொறிகளைப் பற்றி அதிகம் கூறவேண்டுவதில்லை. வண்டி நிற்கப் பொறி மட்டும் மெல்ல ஓடுவதை ‘ரலெந்தீ’ என்பர். அது பிரெஞ்சிலிருந்து கடன் வாங்கிய சொல். சுமையேற்றாமல் ஓர் இயந்திரத்தைச் சுழலவிடுவது ‘என் பசீயோ’, அதாவது வெறுமையிற் சுழல்வது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஆங்கிலச் சொல் எப்பொருளிற் புறப்பட்டதோ அப்பொருளுக்கே ஸ்பானிய இயந்திரவியலார் தாமாகச் சென்று சேர்ந்திருப்பதை நோக்குக. கணினியில் வேலையொன்றுமில்லாத வேளையிற் செயற்படும் பகுதிக்கு ‘இனாக்தீபோ’, இயக்கமற்றது, என்று பெயரிட்டுள்ளனர். இவற்றுள் எதுவும் எவரையும் நோகச் செய்வதன்று. பயனற்ற அச்சுறுத்தல் ‘அமெனாசா பானா’ ஆகும். அது வெற்று மிரட்டல். காரணமின்றி ஒன்றை அறிய விரும்புதல் வெறும் ஆவல் என்றே பெயர்க்கப்படும். ஆங்கிலத்தில் ‘ஐடில்’ நிற்கிறதே என்று இங்கெல்லாம் சோம்பலைக் குறிக்கும் சொல்லை இடுவது எழுத்துக்கு எழுத்துப் பெயர்ப்போர் செய்யும் பிழை.

இனி ஸ்பானியத்தின் சொந்தச் செல்வமொன்றைக் காண்போம். ‘ஒல்கார்’ என்று ஒரு வினை. ஓய்ந்திருத்தல், மூச்சுவிட்டு இளைப்பாறுதல் என்பன அதன் பொருள். இதன் இலத்தீன் மூலம் கொல்லனுலைத் துருத்தியைக் குறித்த சொல்லோடு தொடர்புடையது. மலையேறிய ஒருவர் உச்சியிலே நின்று, துருத்திபோல் மார்பு விம்மித் தணிய மூச்சுவிடுகிறார்; அந்த இளைப்பாறலே இச்சொல்லின் உட்கிடை. இவ்வினையினின்றும் பிறந்த பிள்ளைகள் பலர். ‘ஒல்கூரா’ என்பது நெருக்கமின்றித் தளர்வாயிருத்தல். அளவு பெரிதான சட்டைக்கும் கூறலாம், பணமுடை இல்லாத வாழ்வுக்கும் கூறலாம். ‘ஒல்கசான்’ என்பவர் சோம்பேறி. வேலை செய்யக்கூடியவராயிருந்தும் செய்ய மனமில்லாதவர். ‘உவெல்கா’ என்பது பழங்காலத்தில் ஓய்வு; இன்று அதன் தலையாய பொருள் வேலைநிறுத்தம். அந்த ‘உவெல்கா’வையே தென் ஸ்பெயினாகிய அந்தலூசியாவில் ஹகரம் ஒலிக்க உச்சரித்ததிற் பிறந்தது ‘ஹுவெர்கா’. அது பாட்டும் கூத்துமாய் விடியும்வரை நிகழும் களியாட்டம்.

வேலைநிறுத்தம் செய்வோரும், சோம்பேறியும், களியாட்டயர்வோரும் ஒரே குடும்பத்தவர் என்று மொழிவரலாறு காட்டுகிறது. முதலாளிமார் சிலர் இதனைக் கேட்டு மகிழக்கூடும். ஆனால் அவர்கள் மகிழ்வதற்கு இடமில்லை. ஸ்பானியத் தொழிலாளர் தம் போராட்டத்தை ‘உவெல்கா’ என்று கூறுகையில் அதிற் சோம்பல் நிழலிடுவதில்லை. கைவிட்டு நிற்றலே அவர்தம் கருவி. ஆங்கிலப் பத்திரிகையொன்று வேலைநிறுத்தத்தின்போது தொழிலாளர் ‘ஐடில்’ ஆக நின்றனர் என்று எழுதுமாயின், அதனை ‘ஒல்கசான்’ என்று பெயர்ப்பவர் மொழியறியாதவரோ, முதலாளியின் கட்சிக்காரரோ என்று ஐயுறவேண்டும்.

வேலையின்றி இருத்தலை மதிப்போடு கூறும் சொல்லும் உண்டு. ‘தெசொகுபாதோ’ என்பது அது. அலுவல் ஒன்றாலும் பிடிக்கப்படாதவர் என்பது சொற்பொருள். 1605இல் வெளிவந்த ‘தொன் கிஹோத்தே’யின் முகவுரையிற் செர்வாந்தேஸ் தம் வாசகரை விளிக்க எடுத்தாண்ட அடைமொழி இதுவே. ஆங்கிலத்திற் பெயர்த்தோர் பலரும், 1885இல் ஜோன் ஓர்ம்ஸ்பியும் 2003இல் ஈடித் குரொஸ்மனும் உட்பட, அவ்விடத்தில் ‘ஐடில்’ என்றே இட்டனர். அது பிழையன்று, அதனினும் பொருத்தமான ஆங்கிலச் சொல்லைத் தேடுவதும் எளிதன்று. ஆயினும் ஸ்பானியத்தில் உள்ளது ஒரு புன்முறுவல் மட்டுமே: ‘வேறு வேலையில்லாதபடியால் என் நூலைக் கையிலெடுத்தீர்’ என்னும் குறும்பு. ஆங்கிலத்திலோ அப்புன்முறுவலின் ஓரத்திற் சோம்பேறி என்னும் கடி சிறிது படிந்துவிடுகிறது. தமிழிற் பெயர்ப்பாராயின் ‘பொழுதுள்ள வாசகரே’ என்பதை நாம் விரும்புவோம்.

அதே சொல் ஆர்ஜென்டீனாவில் இன்று அரசாங்கப் புள்ளிவிபர அட்டவணையிற் குடியிருக்கிறது. வேலை தேடியும் கிடைக்காதோரைக் குறிக்க அங்கு வழங்குவது ‘தெசொகுபாதோ’வேயாகும். மானியிடத்திற் புறப்பட்ட சொல் பசியிடத்திற் போய்ச் சேர்ந்தது. ஸ்பெயினிலோ அதே நிலையினரை ‘பராதோ’ என்பர். நிறுத்தப்பட்டவர் என்பது அதன் நேர்பொருள். வேலையில்லாமை ‘பாரோ’. இச்சொல் அமெரிக்க நாடுகள் பலவற்றில் வேலைநிறுத்தத்தைக் குறிக்குமாதலால், மத்ரித் நகரத்துச் செய்தியைப் பொகோத்தாவிற் படிப்பவர் சற்றே தடுமாற இடமுண்டு. இரு கரையாருக்கும் எழுதுவோர் ‘தெசெம்ப்ளேயோ’, வேலையின்மை, என்னும் சொல்லைத் தெரிந்துகொள்ளல் நலம்.

இவ்வரிசையிற் ‘செசாந்தே’ என்னும் சொல்லை விட்டுச் செல்ல மனம் வரவில்லை. சிலி நாட்டில் இன்று வேலையிழந்தோர்க்குப் பொதுப்பெயரான இது, பத்தொன்பதாம் நூற்றாண்டு ஸ்பெயினில் ஒரு தனி வகையினரைக் குறித்தது. மந்திரிசபை மாறுந்தோறும் பழைய கட்சியாரால் நியமனம் பெற்ற எழுதுவினைஞரை வீட்டுக்கு அனுப்பிவிட்டுப் புதிய கட்சியார் தம்மவரை அமர்த்துதல் அக்காலத்து வழக்கம். அவ்வாறு நீக்கப்பட்டோர், தம் கட்சி மீண்டும் ஆட்சிக்கு வரும் நாளை எதிர்நோக்கிக் கோப்பிக் கடைகளிலும் அமைச்சகத் தாழ்வாரங்களிலும் காத்திருந்தனர். பெனித்தோ பெரெஸ் கால்தோஸ் 1888இல் எழுதிய ‘மியாவ்’ என்னும் நாவலின் தலைவர் வில்லாமில் அத்தகையோருள் ஒருவர். ஓய்வூதியத்துக்கு இன்னும் இரண்டே மாதச் சேவை குறைந்திருக்கையில் வேலை இழந்தவர் அவர். மீண்டும் நியமனம் பெற அவர் எழுதும் கடிதங்களும் ஏறும் படிகளும் பல. நாவலின் முடிவு துயரமானது. அரசாங்கச் சேவையிலிருந்து இளைப்பாறிய எம் பழைய மாணவர் பலர் இந்த இரண்டு மாதத்தின் கனத்தை விளக்கமின்றியே உணர்வர். வெளியாரின் கண்ணுக்கு வில்லாமில் ‘ஐடில்’. காலை முதல் மாலை வரை ஒரு வேலையுமின்றித் திரிபவர். அவரினும் ஓயாது உழைத்தவர் அந்நாவலில் எவருமிலர்.

இங்கே ஸ்பானிய இலக்கணத்தின் நுட்பமொன்றைக் கூறியாகவேண்டும். நம் கருத்தில் இப்பாடத்தின் நடுநாயகம் இதுவே. ஆங்கிலத்தில் ‘இருத்தல்’ என்னும் வினை ஒன்று. ஸ்பானியத்தில் அது இரண்டு. ஒன்று ‘செர்’, ஒருவர் இன்னார், இன்ன இயல்பினர் என்று கூறுவது. மற்றையது ‘எஸ்தார்’, ஒருவர் இப்பொழுது இன்ன நிலையில், இன்ன இடத்தில் உள்ளார் என்று கூறுவது. பின்னையது நிற்றலைக் குறிக்கும் இலத்தீன் வினையின் வழிவந்தது. ‘எஸ் ஒசியோசோ’ என்றால் அவர் சோம்பல் இயல்பினர். ‘எஸ்தா ஒசியோசோ’ என்றால் அவர் இப்பொழுது வேலையின்றி இருக்கிறார். ஸ்பெயினில் ‘எஸ்தா பராதோ’ என்பவர் வேலை கிடைக்காதவர். ‘எஸ் பராதோ’ என்றாலோ கூச்சமுள்ளவர், முன்வந்து ஒன்றும் செய்யத் துணியாதவர் என்றாகும். அமெரிக்க நாடுகளில் முன்னதற்கு ‘எழுந்து நிற்கிறார்’ என்றே பொருள்கொள்வர். அது வேறு கதை.

ஆகவே ‘அந்த மனிதர் ஐடில்’ என்னும் ஆங்கில வாக்கியத்தைப் பெயர்க்கப் புகுவோர், எழுதுகோலைத் தாளில் வைக்குமுன் ஒரு வினாவுக்கு விடையிறுத்தாகவேண்டும்: சும்மா இருத்தல் இவரது குணமா, அன்றி இவருக்கு நேர்ந்த நிலைமையா? ஆங்கிலம் அவ்வினாவை எழுப்பாமலே நழுவிவிடும். ஸ்பானியத்தில் நழுவ வழியில்லை.

இவ்வினா ஏட்டளவில் நின்றுவிடுவதன்று. இங்கிலாந்தில் 1824ஆம் ஆண்டு ஊர்சுற்றித் திரிவோர் பற்றிய சட்டம் ஒருவகைக் குற்றவாளியை ‘ஐடில்’ ஆனவரும் ஒழுங்கற்றவரும் என்று பெயரிட்டது. பிச்சை எடுப்போரும் அதனுள் அடங்கினர். அதே சொற்றொடர் கடல் கடந்து, இலங்கையின் 1841ஆம் ஆண்டு 4ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்திலும் குடியேறியது. தம்மைத் தாமே பேணத்தக்க வலுவிருந்தும் மனமறிந்து உழைக்க மறுத்துப் பொதுவிடங்களில் இரந்து திரிவோர் அச்சட்டத்தின்படி அப்பெயருக்கு உரியராயினர். ‘வலுவிருந்தும்’, ‘மனமறிந்து’ என்பன சட்டமியற்றியவர் இட்ட வேலிகள். பிடித்து நிறுத்தப்பட்டவர் வேலை தேடி அலைந்தவரா, வேலையை வெறுத்து அலைந்தவரா என்பதைத் தெருவில் நின்ற பொலிஸ்காரர் எவ்வாறு அறிவார்?

ஸ்பானியச் சட்டத்தில் இவ்விடத்தை நிரப்பிய சொல் ‘பாகோ’. இச்சொல்லின் வரலாறு விநோதமானது. வெறுமையைக் குறித்த இலத்தீன் சொல்லொன்றும், அலைதலைக் குறித்த வேறொரு சொல்லும் ஒலி தேய்ந்து ஒரே வடிவாயின. எனவே சோம்பேறியும் அலைபவரும் ஸ்பானியர் செவிக்கு ஒருவரேயாயினர். மூன்றாம் கார்லோஸ் மன்னரின் 1775ஆம் ஆண்டுக் கட்டளை இத்தகையோரைத் திரட்டிப் படைக்கு அனுப்ப வழிசெய்தது. 1933 ஆகஸ்ட் 4ஆந் தேதி, குடியரசு ஆட்சியில், ‘பாகோ’க்களையும் தீயோரையும் பற்றிய சட்டமொன்று நிறைவேறியது. மக்கள் அதற்கு ‘லா கந்தூலா’, சோம்பேறிச்சி, என்று பட்டப்பெயர் சூட்டினர்; ‘கந்தூல்’ என்பது அரபியிலிருந்து வந்த, சோம்பேறியைக் குறிக்கும் இன்னொரு சொல். செய்த குற்றத்துக்காகவன்றி ஒருவர் இன்ன தன்மையர் என்பதற்காகவே அவரைத் தடுத்துவைக்க அச்சட்டம் இடமளித்தது. குடியரசு வீழ்ந்த பின்னரும் சட்டம் வீழவில்லை. பிராங்கோவின் ஆட்சி 1954இல் அதனைத் திருத்தி, தன்பால் விழைவினரையும் அவ்வரிசையிற் சேர்த்தது. புவெர்த்தெவெந்துரா என்னும் தீவில் தெஃபீயா என்னுமிடத்தில் 1954 முதல் 1966 வரை இருந்த வேளாண் சிறைமுகாமில் அவ்வாறு பிடிக்கப்பட்டோர் கடுவெயிலில் உழைப்பிக்கப்பட்டனர். 1970இல் வேறொரு சட்டம் அதன் இடத்தைப் பெற்றது. ‘எஸ்தா’ என்று கூறவேண்டிய இடங்களிலெல்லாம் ‘எஸ்’ என்று கூறிய சட்டம் அது என்று ஓர் இலக்கண ஆசிரியர் குறிப்பெழுதலாம்.

தனி மனிதரை விட்டு ஒரு சாதியார் முழுவதையும் இச்சொல் தொட்டபொழுது விளைந்ததை ஹோசே ரிசாலின் கட்டுரையிற் காணலாம். பிலிப்பைன் தீவுகள் முந்நூற்றாண்டுகளுக்கு மேல் ஸ்பெயினின் ஆட்சியில் இருந்தன. அத்தீவினர் பிறவிச் சோம்பேறிகள் என்பது அங்கு வாழ்ந்த ஸ்பானியர் பலரின் உறுதியான கொள்கை. அதற்கு அவர்கள் வழங்கிய சொல் ‘இந்தோலென்சியா’. இக்குற்றச்சாட்டைக் கிரெகோரியோ சன்சியாங்கோ 1881ஆம் ஆண்டிலேயே ஒரு நூலில் ஆராய்ந்திருந்தார். ரிசால் அதனை மீண்டும் எடுத்து, 1890இல் மத்ரித் நகரிலிருந்து வெளிவந்த ‘லா சொலிதரிதாத்’ என்னும் இதழில், பிலிப்பைன் மக்களின் ‘இந்தோலென்சியா’ பற்றி ஸ்பானிய மொழியிலே தொடர் கட்டுரை எழுதினார். ஆளப்பட்டவர் ஆள்வோரின் மொழியை ஆள்வோரினும் செம்மையாகக் கையாண்டு ஆள்வோரின் ஒரு சொல்லைப் பிரித்துப் பார்த்த அருஞ்செயல் அது.

ரிசால் குற்றச்சாட்டை முற்றாக மறுத்துவிடவில்லை; இதுவே அவருடைய வலிமை. சோம்பல் உண்டு என்று ஒப்புக்கொண்டார். ஆனால் அது காரணமன்று, காரியம் என்றார். அவர் கண் வைத்தியர். ஆதலால் நெடுநாள் நோயாளி ஒருவரை உவமையாக்கினார். அவரது பலவீனம் நோய் தீராமைக்குக் காரணமா, அன்றித் தவறான வைத்தியத்தின் விளைவா என்பதே வினா. வெப்ப நாட்டில் நண்பகலில் உழைப்பது உடலுக்கு ஒவ்வாது. அங்கு வந்த ஐரோப்பியரோ ஏவலாளர் சூழ, உள்ளூராரினும் குறைவாகவே உழைத்தனர் என்று முதலிற் காட்டினார். ஆயினும் வெப்பத்தோடு நின்றுவிடவில்லை. ஸ்பானியர் வருமுன் அத்தீவினர் அயல்நாடுகளோடு வாணிகம் செய்தமையைப் பழைய ஐரோப்பியப் பயணிகளும் அலுவலரும் எழுதியவற்றிலிருந்தே எடுத்துக் காட்டினார். அத்துறையில் அவர் புதியவரல்லர்; அந்தோனியோ தெ மோர்காவின் பழைய பிலிப்பைன் வரலாற்றைக் குறிப்புரையுடன் அப்போதுதான் பதிப்பித்திருந்தார். பின்னர் என்ன நேர்ந்தது? போர்களுக்கும் கப்பல் கட்டுதற்கும் ஆடவரை வலிந்து பிடித்தனர். கரையோரங்களைக் கடற்கொள்ளையர் சூறையாடினர். வாணிகத்துக்குத் தடைகள் விதிக்கப்பட்டன. விளைவித்தது தமக்கு மிஞ்சும் என்னும் நம்பிக்கை உழவரிடத்தில் அழிந்தது. உழைப்பின் பயன் பிறர் கைக்குப் போகுமாயின் உழைக்காதிருத்தல் குணக்கேடன்று, கணக்கு. நம் பாடத்தின் மொழியிற் கூறுவதானால், ஸ்பானியர் ‘செர்’ என்ற இடத்தில் ரிசால் ‘எஸ்தார்’ என்றார். 1896 டிசம்பர் 30ஆந் தேதி மணிலாவில் அவரைச் சுட்டுக் கொன்றனர்.

அவர் ஆராய்ந்த சொல்லின் வேரையும் பார்த்துவிடுவோம். ‘இந்தோலென்சியா’ என்பதற்கு இலத்தீனில் நேர்பொருள் நோவின்மை. கிரேக்க மெய்யியலார் கூறிய துன்பமற்ற நிலையைப் பெயர்க்கச் சிசரோ ஆண்டது. வைத்தியர் இன்றும் மெல்ல வளரும் சில நோய்களுக்கு இதன் பெயரடையை வழங்குவர். ஸ்பானியத்தில் அப்பெயரடைக்குச் சோம்பல் மட்டுமன்று, பிறர் துன்பம் கண்டு நெகிழாமை என்னும் பொருளும் உண்டு. பிலிப்பைன் உழவருக்குச் சூட்டிய பெயர் அதைச் சூட்டியவர்க்கே எவ்வளவு பொருந்தியது என்பதை வாசகர் தாமே கண்டுகொள்வர்.

இக்குற்றச்சாட்டு ஸ்பானியர்க்கு மட்டும் உரியதன்று. சையித் ஹுசெயின் அலத்தாஸ் 1977இல் வெளியிட்ட நூலில் மலாயர், யாவாவினர், பிலிப்பைன் மக்கள் ஆகியோரைப் பற்றி ஐரோப்பிய ஆட்சியாளர் இதே பல்லவியைப் பாடியதை விரிவாய் ஆராய்ந்தார். எம் மலைநாட்டிலும் கோப்பித் தோட்டக்காரர், தம் வயலும் சேனையும் விட்டுக் கூலிக்கு வர விரும்பாத கண்டிக் கிராமத்தாரைச் சோம்பேறிகள் என்றனர்; தமிழகத்திலிருந்து ஆட்களைக் கொணர்ந்தனர். தன் காணியில் உழைப்பவர் பிறர் தோட்டத்திற்கு வராததாற் சோம்பேறியானார்.

மெக்சிக்கோவில் ஒருமுறை இச்சொல் எதிர்த்திசையிற் பாய்ந்தது. புரட்சிக்குப் பின், 1920 ஜூன் மாதத்தில், ‘தியெர்ராஸ் ஒசியோசாஸ்’ என்னும் பெயரால் ஒரு சட்டம் வந்தது. உரிமையாளர் பயிரிடாது வைத்திருக்கும் நிலத்தை, உழ விரும்புவோர்க்குத் தற்காலிகமாகக் கொடுக்க அது வழி வகுத்தது. இங்கே ‘ஒசியோசோ’ எனப்பட்டது நிலம். பழி சென்று சேர்ந்ததோ பெருநிலக்கிழாரிடம். நாம் தரிசு என்று பெயர்த்தாற் பொருள் பாதிதான் வரும். தரிசு நிலத்தின் நிலையைக் கூறும், அதை அந்நிலையில் வைத்தவரைக் கூறாது. ‘சும்மா போட்டிருக்கும் காணி’ என்பதே நேரிது. போட்டவர் ஒருவர் உளர் என்பது அதிலே தோன்றும்.

இனி மாணவர் பயிற்சிக்கு ஒரு வாக்கியம். ஆலை வாயிலில் நாற்பது ஆடவர் ‘ஐடில்’ ஆக நின்றனர் என்று ஆங்கிலத்தில் உளது எனக் கொள்வோம். முன்பக்கத்தில் ஆலை மூடப்பட்ட செய்தி இருப்பின் ‘பராதோஸ்’ என்க. அமெரிக்க வாசகர்க்காயின் ‘தெசொகுபாதோஸ்’ என்க. சம்பளப் பிணக்குப் பற்றிய செய்தி இருப்பின் ‘என் உவெல்கா’ என்க. மேற்பார்வையாளர் திரும்பியதும் புகைபிடிக்க ஒதுங்கினர் என்றிருந்தால் மட்டுமே ‘ஒல்கார்’ குடும்பத்துச் சோம்பற் சொல்லுக்கு இடமுண்டு. முன்பக்கம் கிழிந்து போயிருப்பின், ‘ஒன்றும் செய்யாமல் நின்றனர்’ என்று மூன்று சொல்லிற் பெயர்த்துவிட்டு அடுத்த வரிக்குச் செல்க.